செர்ட்பாட் வழியாக இணையதளச் சான்றிதழ்: குமரி மாவட்டத்துக் கடைகளிலிருந்து வரும் கேள்விகள்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு சின்னச் சின்ன வியாபாரங்களின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். தோவாளையில் பூ அனுப்புகிறவர், மார்த்தாண்டத்தில் தேன் விற்கிறவர், குலசேகரத்தில் ரப்பர் நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர், கன்னியாகுமரியில் விடுதி நடத்துகிறவர் என எல்லாரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுவதையும் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் திரையில், அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். இடைக்கோடு ஒன்றா இரண்டா என்பதை மட்டும் கவனமாகப் பாருங்கள்.

பூக்கடைத் தளத்துக்குச் சான்றிதழ் எதற்கு? நான் பணம் ஒன்றும் வாங்கவில்லையே.

பணம் வாங்காவிட்டாலும் பெயர், போன் எண், முகவரி வாங்குகிறீர்கள். சான்றிதழ் இல்லாத தளத்தில் வாடிக்கையாளர் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் திறந்த தபாலட்டை மாதிரி போகும். பேருந்து நிலையத்தில் கிடைக்கும் பொது வைஃபையில் இருப்பவர் அதைப் படிக்கலாம், வழியிலேயே மாற்றவும் செய்யலாம். சான்றிதழ் இருந்தால் இரண்டு காரியம் நடக்கும். போகிற வருகிற தகவல் மறையாக்கப்படும். எதிரில் பேசுகிற சர்வர் அந்த டொமைன் பெயருக்கு உரியதுதான் என்பதும் உறுதியாகும்.

2018 ஜூலையில் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து, சான்றிதழ் இல்லாத எல்லாத் தளங்களையும் குரோம் 'பாதுகாப்பற்றது' என்று முகவரிப் பட்டையிலேயே காட்டுகிறது. மாலை கட்ட ஆர்டர் கொடுக்க வருகிறவர் முதலில் பார்ப்பது அந்தச் சொல்லைத்தான்.

அது செய்யாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கடைக்காரர் நேர்மையானவரா என்பதைச் சான்றிதழ் சொல்லாது. மோசடித் தளமும் சான்றிதழ் வாங்கலாம், வாங்குகிறது. பூட்டுப் படத்தைப் பார்த்து மக்கள் தப்பாக நம்புகிறார்கள் என்பதால்தான் 2023-ல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது.

ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். இலவசச் சான்றிதழ் தரம் குறைந்ததா?

இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்பது ஐஎஸ்ஆர்ஜி என்ற லாபநோக்கற்ற அமைப்பு நடத்தும் சான்றளிப்பு நிலையம். 2015 டிசம்பரில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அது தரும் மறையாக்கத்தின் வலிமையும் காசு கொடுத்து வாங்கும் சான்றிதழின் வலிமையும் ஒன்றுதான். நிறுவனத்தின் ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் விலையுயர்ந்த வகைகள் உண்டு. ஆனால் அவற்றுக்காக முகவரிப் பட்டையில் நிறுவனப் பெயரைத் தனியாகக் காட்டும் வழக்கத்தை குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2019-லேயே விட்டுவிட்டன. உங்கள் வாடிக்கையாளர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

தக்கலையில் ஒரு கடைக்காரர் மூன்று வருடமாகச் 'சான்றிதழ் கட்டணம்' கட்டிவந்தார். அவருடைய தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள குறியை அழுத்திச் சான்றிதழைப் பார்த்தேன். வழங்கியவர் என்ற இடத்தில் லெட்ஸ் என்கிரிப்ட் என்று இருந்தது. யார் அப்படி வாங்கினார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. பராமரிப்புக்குக் கூலி கேட்பது நியாயம், அதைப் பராமரிப்பு என்றே சொல்லிக் கேட்க வேண்டும். இலவசமாக வந்த பொருளுக்கு விலை போடுவது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். நீங்களும் ஒருமுறை உங்கள் தளத்தில் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள்.

சரி, செர்ட்பாட் என்பது என்ன?

லெட்ஸ் என்கிரிப்டிடம் போய்ச் சான்றிதழ் வாங்கி, உங்கள் சர்வரில் பொருத்தி, காலாவதி ஆகும் முன் புதுப்பிக்கும் கட்டளைவரிக் கருவி. மின்னணு எல்லை அறக்கட்டளை என்ற இஎஃப்எஃப் இதைப் பராமரிக்கிறது. 2016-ல்தான் செர்ட்பாட் என்று பெயர் வைத்தார்கள்.

அது செய்யும் வேலையை இப்படிப் புரிந்துகொள்ளலாம். "இந்த வீடு என்னுடையது" என்று நீங்கள் சொல்கிறீர்கள். "அப்படியானால் நான் தரும் இந்தச் சீட்டை உங்கள் வாசல் கதவில் ஒட்டுங்கள், வந்து பார்க்கிறேன்" என்கிறது எதிர்த்தரப்பு. செர்ட்பாட் அந்தச் சீட்டை உங்கள் தளத்தின் ஒரு குறிப்பிட்ட அடைவில் கோப்பாக வைக்கும். அவர்கள் 80-ஆம் போர்ட் (சர்வரின் எண்ணிட்ட வாசல்களில் சாதாரண வெப் போக்குவரத்துக்கானது) வழியாக வந்து அதைப் படிப்பார்கள். சரியாக இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். இந்தப் பேச்சுவார்த்தைக்கு ஆக்மி நெறிமுறை என்று பெயர். 2019-ல் இது இணையத் தரமாக வெளியானது.

இது நம்மளால ஆகுமா, இல்ல ஆளு வேணுமா?

டெர்மினலில் நான்கு வரி அடிக்கத் தயங்காதவர் என்றால் உங்களாலேயே ஆகும். அதற்குமுன் மூன்றைச் சரிபாருங்கள். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் பாதுகாப்பான முறை) வழியாக உள்ளே போய் நிர்வாகி உரிமையோடு வேலை செய்யக்கூடிய சர்வர் வேண்டும். டொமைனின் ஏ பதிவு (பெயரை ஐபி எண்ணோடு இணைக்கும் குறிப்பு) அந்தச் சர்வரின் ஐபி எண்ணைக் காட்ட வேண்டும். 80, பாதுகாப்பான இணைப்புக்கான 443 ஆகிய இரண்டு போர்ட்டும் ஃபயர்வால் என்ற தடுப்பில் திறந்திருக்க வேண்டும்.

ஒரே சர்வரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங் எடுத்தவர்களுக்குச் செர்ட்பாட் தேவைப்படாது, பெரும்பாலும் ஓட்டவும் முடியாது. அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பலகையிலேயே இலவசச் சான்றிதழுக்கு ஒரு பொத்தான் இருக்கும். பணம் கட்டும் முன்பே அது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

உபுண்டு சர்வரில் என்ஜின்எக்ஸ் ஓடுகிறது. என்னென்ன அடிக்க வேண்டும்?

என்ஜின்எக்ஸ் என்பது தளத்தின் பக்கங்களை வருகிறவர்களுக்கு அனுப்பும் வெப் சர்வர் மென்பொருள். ஏற்கெனவே ஆப்ட் (உபுண்டுவில் மென்பொருள் ஏற்றும் கருவி) மூலம் பழைய செர்ட்பாட் ஏற்றியிருந்தால் முதலில் அதை நீக்குங்கள். இரண்டு செர்ட்பாட் ஒரே சர்வரில் இருந்தால் எது புதுப்பிக்கிறது என்ற குழப்பம் பின்னாளில் வரும். பிறகு, ஸ்னாப் என்ற இன்னோர் ஏற்றும் கருவியால்:

சுடோ ஸ்னாப் இன்ஸ்டால் --கிளாசிக் செர்ட்பாட்

அடுத்து:

சுடோ செர்ட்பாட் --என்ஜின்எக்ஸ் -டி உங்கள்தளம்.இன் -டி டபிள்யூடபிள்யூடபிள்யூ.உங்கள்தளம்.இன்

இதில் -டி என்பது டொமைன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அவ்வளவுதான். மின்னஞ்சல் கேட்கும், விதிமுறைக்குச் சம்மதம் கேட்கும். முடிந்ததும் என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் தேவையான வரிகளை அதுவே சேர்த்துவிடும். பழைய முகவரியில் வருகிறவர்களைப் பாதுகாப்பான முகவரிக்குத் திருப்பியும் விடும். அந்த அமைப்புக் கோப்பில் 'சர்வர்_நேம்' வரியில் உங்கள் டொமைன் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எந்தத் தளத்தில் பொருத்துவது என்று அதற்குத் தெரியாது. அப்பாச்சி என்ற வெப் சர்வர் என்றால் --என்ஜின்எக்ஸ் இருக்கும் இடத்தில் --அப்பாச்சி.

கோப்புகள் /ஈடிசி/லெட்ஸ்என்கிரிப்ட்/லைவ்/ அடைவில், டொமைன் பெயரில் இருக்கும். 'ஃபுல்செயின்' என்பது எல்லாருக்கும் காட்டும் சான்றிதழ். 'பிரிவ்கீ' என்பது உங்கள் ரகசியச் சாவி. அதை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். "செட் பண்ணித் தர்றேன், அந்த ஃபைல அனுப்புங்க" என்று யார் கேட்டாலும் தராதீர்கள்.

அடித்தேன், பிழை வந்துவிட்டது. மறுபடி மறுபடி அடித்துப் பார்க்கலாமா?

கூடாது. ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை சரிபார்ப்பு தோற்றால் தற்காலிகமாக நிறுத்திவிடுவார்கள். ஒரே பெயர்கள் கொண்ட சான்றிதழை ஏழு நாளில் ஐந்து முறைக்கு மேல் வாங்கவும் முடியாது. அதனால் சோதிக்கும்போது கட்டளையின் கடைசியில் --ட்ரை-ரன் என்று சேருங்கள், அதற்கு 'செர்ட்ஒன்லி' என்ற துணைக்கட்டளையும் வேண்டும். அது சோதனைச் சர்வரோடுதான் பேசும், அங்கே வரம்புகள் மிகத் தாராளம்.

இனி காரணங்கள். நான் பார்த்ததில் பெரும்பாலானவை 80-ஆம் போர்ட் மூடியிருப்பதுதான். "நாங்கள் 443 மட்டும்தான் திறப்போம், அதுதான் பாதுகாப்பு" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கோப்பு வைத்துச் சரிபார்க்கும் முறைக்கு 80 கட்டாயம் வேண்டும். கிளவுட் சர்வர் என்றால் ஃபயர்வால் இரண்டு இடத்தில் இருக்கும்: சர்வருக்குள்ளே ஒன்று, சேவை நிறுவனத்தின் பலகையில் ஒன்று. இரண்டையும் பாருங்கள்.

அடுத்தது, கண்ணுக்கே தெரியாத காரணம். குளச்சலில் வலை, மிதவை விற்கும் கடை ஒன்றின் தளம் எல்லார் போனிலும் திறந்தது, செர்ட்பாட் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. அரைநாள் தேடிய பிறகு டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களுக்கு ஐபி எண் சொல்லும் ஏற்பாட்டில்) பழைய சர்வரின் ஏஏஏஏ பதிவு, அதாவது ஐபி ஆறாம் பதிப்பு முகவரி, நீக்கப்படாமல் கிடந்ததைக் கண்டேன். அந்தப் பதிவு இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் முதலில் அந்த முகவரிக்குத்தான் போகும். அங்கே வேறு யாருடைய தளமோ பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பதிவை நீக்கியதும் வேலை முடிந்தது.

வெளிநாட்டு ஐபிகளை ஒட்டுமொத்தமாகத் தடுத்துவைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். 2020 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் உலகின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் வந்து பார்க்கிறது. இந்தியாவுக்கு மட்டும் கதவைத் திறந்துவைத்தால் சீட்டை யாராலும் படிக்க முடியாது. டொமைனில் சிஏஏ பதிவு (எந்த நிலையம் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் குறிப்பு) இருந்தால், அதில் லெட்ஸ் என்கிரிப்டுக்கும் அனுமதி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கியாயிற்று. இனி வேலை ஒன்றும் இல்லையே?

இந்தப் பக்கத்தை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். சான்றிதழின் ஆயுள் 90 நாள். வாங்கிய அன்று கிடைக்கும் நிம்மதியில் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், அது காலாவதி ஆவதோ கூட்டம் அலைமோதும் நாளில்தான்.

கன்னியாகுமரியில் ஒரு விடுதி. கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் வரும் காலம்தான் அவர்களுக்கு முழு வருடச் சம்பாத்தியம். மார்கழியில் ஒரு சனிக்கிழமை அதிகாலை உரிமையாளர் அழைத்தார். "தம்பி, ரூம் போடுகிறவர்களுக்கெல்லாம் சிவப்புத் திரை வருகிறதாம்" என்றார். உள்ளே போய் 'செர்ட்பாட் செர்டிபிகேட்ஸ்' என்று அடித்தேன். இன்னும் 60 நாள் ஆயுள் இருப்பதாகக் காட்டியது. பிரவுசரிலோ காலாவதியான சான்றிதழ். வட்டில் புதியது வந்து உட்கார்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனால் என்ஜின்எக்ஸ் பழையதையே நினைவில் வைத்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சர்வரில் நான் 'வெப்ரூட்' முறையில், அதாவது தளத்தின் அடைவில் சீட்டை மட்டும் வைத்து என்ஜின்எக்ஸ் அமைப்பைத் தொடாத முறையில், சான்றிதழ் எடுத்திருந்தேன். அந்த முறையில், புதுப்பித்த பிறகு என்ஜின்எக்ஸை மறுஏற்றம் செய்யச் சொல்லி நாமே எழுதிவைக்க வேண்டும். நான் எழுதவில்லை. ஒரே வரியில் சரியானது, ஆனால் அன்று காலை திரும்பிப் போன குடும்பங்கள் போனவைதான். அந்த அழைப்புக்குப் பிறகு எந்தத் தளத்தையும் கீழே சொல்லும் மூன்றைச் செய்யாமல் நான் ஒப்படைப்பதில்லை.

முதலில், 'சுடோ செர்ட்பாட் ரினியூ --ட்ரை-ரன்'. புதுப்பித்தல் நடக்குமா என்பதை நிஜச் சான்றிதழைத் தொடாமல் ஒத்திகை பார்க்கும். வெற்றி என்று வர வேண்டும்.

இரண்டாவது, 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்' அடித்துச் செர்ட்பாட்டின் டைமர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஸ்னாப் வழியாக ஏற்றியிருந்தால் அது தானாகவே அமைந்திருக்கும். தினம் இரண்டு முறை எழுந்து பார்க்கும், ஆயுளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போது புதுப்பிக்கும்.

மூன்றாவது, /ஈடிசி/லெட்ஸ்என்கிரிப்ட்/ரினியூவல்-ஹூக்ஸ்/டிப்ளாய்/ அடைவில், என்ஜின்எக்ஸை மறுஏற்றம் செய்யும் ஒரு சிறு ஸ்கிரிப்டை இயக்க அனுமதியோடு வைப்பது. --என்ஜின்எக்ஸ் முறையில் எடுத்தவர்களுக்குச் செர்ட்பாட்டே மறுஏற்றம் செய்துவிடும், இருந்தாலும் நான் வைத்துவிடுகிறேன். ஒத்திகை ஓட்டத்தில் இந்த ஸ்கிரிப்ட் வழக்கமாக ஓடாது. அதனால் அதைத் தனியாக ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

காலாவதி ஆகும் முன் மின்னஞ்சல் வருமே?

முன்பு வந்தது. 2025 ஜூன் 4-ஆம் தேதியோடு லெட்ஸ் என்கிரிப்ட் அந்த எச்சரிக்கை அஞ்சல்களை நிறுத்திவிட்டது. வேறொரு கண்காணிப்புச் சேவையில் உங்கள் தளத்தைச் சேர்த்துவைக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் மாதம் முதல் தேதி உங்கள் போனிலேயே தளத்தைத் திறந்து, சான்றிதழின் கடைசித் தேதியைப் பாருங்கள். சர்வர் உள்ளிருந்து பார்ப்பது போதாது என்பதற்கு அந்த விடுதியே சாட்சி.

ஏன் 90 நாள்தான்? ஒரு வருடத்துக்குக் கொடுத்தால் என்ன?

சாவி திருடுபோனால் சேதம் குறுகிய காலத்தில் முடியட்டும் என்பது ஒரு காரணம். மனிதர் கையால் செய்யாமல் இயந்திரத்திடம் விடட்டும் என்பது இன்னொன்று. காசு கொடுத்தாலும் நீண்ட ஆயுள் இனிக் கிடைக்காது. பிரவுசர் நிறுவனங்களும் சான்றளிப்பு நிலையங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் முடிவெடுத்துவிட்டது: 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். லெட்ஸ் என்கிரிப்டும் 2028-ல் 45 நாளாகக் குறைக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் அடித்துச் சமாளிக்கிறவர்கள் இப்போதே டைமருக்கு மாறுவது நல்லது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓடும்படி பழைய கிரான் வரி (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் குறிப்பு) எழுதிவைத்தவர்களும் அதைத் திருத்த வேண்டிவரும்.

சர்வர் வீட்டிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் கரண்ட் போகும். சான்றிதழ் என்ன ஆகும்?

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. ஜூனிலும் நனைவோம், ஐப்பசியிலும் நனைவோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு வாரம் சர்வர் அணைந்து கிடந்தாலும் பயமில்லை. 30 நாள் மிச்சம் இருக்கும்போதே புதுப்பிக்க ஆரம்பிப்பதால் கரண்ட் வந்ததும் டைமர் தொடரும்.

வீட்டு இணைப்பில் உண்மையான சிக்கல் வேறு. பல இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி கிடையாது, பலருக்குச் சேர்த்து ஒன்றைத்தான் தருவார்கள். சிஜிநாட் என்பார்கள். வெளியிலிருந்து 80-ஆம் போர்ட்டைத் தட்டினால் உங்கள் வீட்டுக்கு வந்து சேராது. அப்போது டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பு உதவும்: சீட்டைக் கதவில் ஒட்டுவதற்குப் பதில் டொமைனின் டிஎக்ஸ்டி பதிவில் (டிஎன்எஸ்ஸில் வெறும் எழுத்தாக வைக்கும் குறிப்பில்) எழுதிக் காட்டுவது. சர்வரை யாரும் வந்து பார்க்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பதிவை ஒவ்வொரு முறையும் கையால் மாற்றுவது நடக்காத காரியம். ஏபிஐ (நிரல்களே பதிவை மாற்றுவதற்கான வழி) தரும் டிஎன்எஸ் சேவையையும் அதற்குரிய செர்ட்பாட் செருகுநிரலையும் பயன்படுத்துங்கள். சான்றிதழ் இப்படிக் கிடைத்தாலும் வாடிக்கையாளர் உங்கள் தளத்துக்கு வர வேறு வழி செய்தாக வேண்டும். கடைத் தளம் என்றால் சின்ன விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றை எடுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை.

ஒரே சான்றிதழில் எல்லாத் துணைப்பெயர்களும் அடங்குமா?

நட்சத்திரக் குறி போட்ட சான்றிதழில் அடங்கும். 2018 மார்ச்சிலிருந்து தருகிறார்கள், டிஎன்எஸ் வழியில் மட்டும். நட்சத்திரம் ஒரு படியைத்தான் மூடும், மூலப் பெயரை மூடாது, அதைத் தனியாக -டி போட்டுச் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று துணைப்பெயர்தான் என்றால் இது தேவையே இல்லை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேடுகளில் ஏறும், அதிலுள்ள பெயர்களை யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். கணக்கு வழக்குப் பக்கத்துக்கு வெளிப்படையான துணைப்பெயர் வைத்துவிட்டு யாருக்கும் தெரியாது என்று இருந்துவிடாதீர்கள்.

.இந்தியா என்று முடியும் தமிழ் டொமைன் வாங்கியிருக்கிறேன். அதற்குக் கிடைக்குமா?

கிடைக்கும். தமிழிலேயே பெயர் வைத்ததற்கு என் மகிழ்ச்சி. செர்ட்பாட்டில் மட்டும் தமிழ் எழுத்தாக அடித்தால் ஏற்காது. டிஎன்எஸ்ஸுக்குள் அந்தப் பெயருக்குப் பியூனிகோடு என்ற வேறொரு வடிவம் உண்டு. எக்ஸ், என் என்ற இரண்டு எழுத்தும் இரண்டு இடைக்கோடும் முன்னால் வரும். டொமைன் வாங்கிய இடத்தின் பலகையில் அது இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து -டி க்குப் பின்னால் ஒட்டுங்கள். வாடிக்கையாளருக்கு எப்போதும்போல் தமிழில்தான் வேலை செய்யும்.

கடற்கரை ஊர்களில் சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் எச்சரிக்கை வருகிறதாம்.

எல்லாருக்கும் வந்தால் தவறு சர்வரில். சிலருக்கு மட்டும் என்றால் முதலில் அவர்கள் போனின் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். முழுவதும் சார்ஜ் இறங்கிய பழைய போனில் தேதி பின்னால் போய்விடும், அப்போது நல்ல சான்றிதழும் தவறாகத் தெரியும். தேதி சரி என்றால் ஆண்ட்ராய்டு பதிப்பைக் கேளுங்கள். 7.1.1-க்கு முந்தையவை லெட்ஸ் என்கிரிப்டின் மூலச் சான்றிதழை அறியாதவை. அவர்களுக்காக இருந்த மாற்று ஏற்பாடும் 2024-ல் முடிந்துவிட்டது. அந்தப் போன்களில் ஓடும் பழைய பதிப்பு ஃபயர்ஃபாக்ஸ் இருந்தால் திறக்கும், ஏனென்றால் அது நம்பகப் பட்டியலைத் தன்னோடு கொண்டுவருகிறது.

தளத்தைச் செய்துகொடுத்த பையன் வளைகுடாவுக்குப் போய்விட்டான். எல்லாம் அவன் கையில். என்ன செய்வது?

நம் ஊரில் அடிக்கடி நடப்பது. முதலில் டொமைன் பதிவுக் கணக்கை உங்கள் பெயருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் மாற்றச் சொல்லுங்கள். அது கைக்கு வந்தால் மீதி எல்லாவற்றையும் புதிதாகச் செய்துகொள்ளலாம், பழைய சான்றிதழை அவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. புதிய சர்வரில் புதிய சான்றிதழ் சில நிமிடத்தில் கிடைக்கும். பழைய ரகசியச் சாவி தவறான கையில் இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் 'செர்ட்பாட் ரிவோக்' கட்டளையில், காரணம் சாவி கசிவு என்று குறிப்பிட்டு ரத்து செய்யுங்கள். அவரிடம் கசப்பில்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில் செய்துகொடுத்துவிடுவார்கள்.

வேறு கருவிகள் உண்டா?

உண்டு. ஆக்மி.எஸ்எச் என்பது ஷெல் ஸ்கிரிப்டாக எழுதியது, நினைவகம் குறைந்த சர்வருக்கு உகந்தது. 2021-லிருந்து அதன் இயல்பு வழங்குநர் வேறு நிலையம் என்பதால் லெட்ஸ் என்கிரிப்ட் வேண்டும் என்றால் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். கேடி என்ற வெப் சர்வர் இந்த வேலை முழுவதையும் தானே செய்யும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் கேடியைத்தான் சொல்கிறேன். ஏற்கெனவே என்ஜின்எக்ஸ் ஓடுகிறது என்றால் செர்ட்பாட் போதும்.

தளத்தை மூடப்போகிறேன். சான்றிதழை எப்படி அழிப்பது?

அடைவுக்குள் போய்க் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். முதலில் என்ஜின்எக்ஸ் அமைப்பிலிருந்து அந்தத் தளத்தின் பகுதியை எடுங்கள். 'என்ஜின்எக்ஸ் -டி' (இந்த டி, டெஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து) என்று அடித்து அமைப்பில் பிழையில்லை என்று உறுதிசெய்து மறுஏற்றம் செய்யுங்கள். அதன் பிறகு 'சுடோ செர்ட்பாட் டிலீட்' அடித்துப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். வரிசை மாறினால், அடுத்த முறை சர்வர் அணைந்து எழும்போது இல்லாத கோப்பைத் தேடி என்ஜின்எக்ஸ் எழும்பாமல் நிற்கும். அதே சர்வரில் இருக்கும் மற்றக் கடைகளின் தளங்களும் அதோடு நின்றுவிடும்.